பதிவு செய்த குரலுக்கு ஈக்யூ: ரீப்பரில் முதல் அடியிலிருந்து

குரல் மந்தமாக இருக்கிறதே என்று ஈக்யூவை (தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவியை) திறந்து, மேல் பகுதியை 5, 6 டெசிபல் ஏற்றிவிடுவதுதான் புதிதாக மிக்ஸிங் பழகுகிறவர்கள் பலர் முதலில் செய்வது. அப்போதைக்குக் குரல் பளிச்சென்று ஆகும். மறுநாள் கேட்டால் ‘ச’, ‘ஸ்’ எல்லாம் காதைக் குத்தும். மந்தம் மட்டும் அப்படியே இருக்கும். மந்தம் பெரும்பாலும் மேலே ஏதோ குறைவதால் வருவதில்லை. 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை ஒலி மண்டிக் கிடப்பதால் வருகிறது. குறை எங்கே என்று தெரியாமல் திருகினால் இப்படித்தான் முடியும்.

ஆகவே மவுஸைத் தொடுமுன் பாட்டை ஒரு முறை முழுதாகக் கேட்டு, குறைகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘பல்லவியில் கீழே குமுறுகிறது’, ‘சரணத்தில் மேல் ஸ்தாயி போகும்போது குத்துகிறது’, ‘மூக்கால் பாடுவது போல இருக்கிறது’ என்று உங்கள் மொழியிலேயே எழுதினால் போதும். தாளில் எழுதாத எதற்காகவும் ஈக்யூவில் கை வைக்க வேண்டாம்.

இங்கே ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளையும் அதனுடன் வரும் ரியாஈக்யூ என்ற ஈக்யூ பிளக்-இன்னையும் (மென்பொருளுக்குள் இயங்கும் துணைக் கருவி) வைத்துச் சொல்கிறோம். ரீப்பரை 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். ரியாஈக்யூ அதற்குள்ளேயே இருக்கிறது. கியூபேஸ், லாஜிக், எஃப்எல் ஸ்டுடியோ எதுவானாலும் பொத்தான்களின் இடம்தான் மாறும், எண்கள் மாறா.

ஈக்யூவுக்கு முன் செய்ய வேண்டியவை

குரல் டிராக்கின் மீட்டரைப் பாருங்கள். மிக உரத்த இடம் −12 முதல் −6 டெசிபலுக்குள் இருந்தால் நல்லது. 0-ஐத் தொட்டு, அலைவடிவத்தின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் அந்த வரியைத் திரும்பப் பாட வைப்பதே வழி. வெட்டுப்பட்ட ஒலியின் கரகரப்பு எல்லா அதிர்வெண்களிலும் சிதறிக் கிடக்கும். ஈக்யூவால் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

ஒரு வரி சன்னமாகவும் அடுத்த வரி உரக்கவும் இருந்தால், முதலில் அந்தந்தத் துண்டின் வால்யூமைச் சரிசெய்யுங்கள். சத்தம் குறைந்த வரியைப் புதியவர்கள் ‘மெலிந்த குரல்’ என்று எடுத்துக்கொண்டு கீழ்ப்பகுதியை ஏற்றிவிடுவார்கள்.

எதில் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். லேப்டாப் ஸ்பீக்கர் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் சரியாகக் காட்டாது. அதை நம்பி வேலை செய்தால் குமுறலைக் கவனிக்காமலே விட்டுவிடுவீர்கள். காதை முழுதாக மூடும் ஒரு சாதாரண ஹெட்ஃபோன் போதும். வால்யூமை எதிரில் இருப்பவர் பேசும் அளவில் வைத்து, வேலை முடியும்வரை மாற்றாதீர்கள். சத்தம் குறையும்போது நம் காது பாஸையும் டிரெபிளையும் குறைவாகவே கேட்கிறது. வால்யூம் ஏறி இறங்கினால் உங்கள் தீர்ப்பும் ஏறி இறங்கும்.

ரியாஈக்யூவைத் திறப்பது

குரல் டிராக்கில் உள்ள ‘எஃப்எக்ஸ்’ பொத்தானை அழுத்தி, பட்டியலில் ரியாஈக்யூவைத் தேர்ந்தெடுங்கள். எண்ணிட்ட புள்ளிகளோடு ஒரு கட்டம் வரும். இடது பக்கம் தாழ்ந்த ஒலி, வலது பக்கம் உயர்ந்த ஒலி. ஒவ்வொரு புள்ளிக்கும் வகை, அதிர்வெண், கெயின் (ஏற்றும் அல்லது இறக்கும் அளவு), பேண்ட்வித் (மாற்றம் பரவும் அகலம்) என்று நான்கு அமைப்புகள் உண்டு. புள்ளி போதாவிட்டால் ‘ஆட் பேண்ட்’ அழுத்திக் கூட்டிக்கொள்ளலாம்.

வகைகளில் நமக்கு வேண்டியவை நான்கே. ‘பேண்ட்’ ஒரு இடத்தைச் சுற்றி மட்டும் ஏற்றும் அல்லது இறக்கும். ‘லோ ஷெல்ஃப்’ ஒரு அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும், ‘ஹை ஷெல்ஃப்’ அதற்கு மேலே உள்ள எல்லாவற்றையும் மாற்றும். ‘ஹை பாஸ்’ கீழ்ப்பகுதியை வெட்டி எறியும். பெயர் குழப்பும், உயர்ந்த ஒலியைக் கடக்கவிடுவதால் அந்தப் பெயர்.

பேண்ட்வித் ஆக்டேவ் கணக்கில் இருக்கிறது. ஆக்டேவ் என்றால் ஒரு ஸ்தாயி. வேறு ஈக்யூக்களில் இதற்குப் பதில் ‘க்யூ’ என்ற எண் இருக்கும். 2 ஆக்டேவ் ஏறக்குறைய க்யூ 0.7, 1 ஆக்டேவ் க்யூ 1.4, அரை ஆக்டேவ் க்யூ 2.9. பொதுவான குறையைத் திருத்த 1 முதல் 2 ஆக்டேவ், ஒரே இடத்தில் உறுத்தும் ஒலிக்கு 0.3 முதல் 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒரு பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த மாற்றம் செய்தாலும் பிளக்-இன் பெயருக்கு அருகில் உள்ள டிக்கை எடுத்தும் போட்டும் ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது இரண்டு நிலையிலும் சத்தம் ஒன்றாக இருக்க வேண்டும். 1 டெசிபல் கூடினாலே காது அதை ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிடும். ரியாஈக்யூவின் வலது ஓரத்தில் உள்ள கெயின் ஸ்லைடரால் சத்தத்தைச் சமன் செய்த பிறகு ஒப்பிடுங்கள். நாம் பெருமையாகச் செய்த ஏற்றங்களில் பல அப்போது ஒன்றுமில்லாமல் போகும்.

கீழ்ப்பகுதி: சுருதியை வைத்துக் கணக்கிடுங்கள்

இணையத்தில் ‘எல்லாக் குரலுக்கும் 100 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் போடு’ என்று சொல்வார்கள். பாடகரின் சுருதி தெரிந்தால் இதைவிடத் துல்லியமாகப் போடலாம்.

1 கட்டை சுருதி என்பது கீபோர்டில் ஸி. ஆண் குரலின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் அப்போது சுமார் 131 ஹெர்ட்ஸ். 2 கட்டையில் 147. 5 கட்டையில் பாடும் பெண் குரலின் ஷட்ஜம் 196. கச்சேரிப் பாட்டிலும் பக்திப் பாட்டிலும் பெரும்பாலும் மந்திர பஞ்சமத்துக்குக் கீழே போவதில்லை. மந்திர பஞ்சமம் என்பது ஷட்ஜத்தில் முக்கால். அதாவது 1 கட்டைக்கு 98, 2 கட்டைக்கு 110, 5 கட்டைக்கு 147 ஹெர்ட்ஸ். அதிலும் முக்கால் எடுத்தால் ஹை பாஸ் போட வேண்டிய இடம் வந்துவிடும்: முறையே சுமார் 75, 80, 110. இந்த இடைவெளியை விட்டால்தான் கடைசிச் சுரத்தில் குரலின் கனம் கெடாது. மந்திர பஞ்சமத்திலேயே ஹை பாஸ் வைத்தால் அந்தச் சுரம் 3 டெசிபல் குறைந்துவிடும். சினிமாப் பாட்டுகளில் சுருதி மாறிக்கொண்டே இருப்பதால், மெட்டின் மிகத் தாழ்ந்த சுரம் எதுவோ அதன் அதிர்வெண்ணில் முக்கால் எடுங்கள்.

ஹை பாஸின் பேண்ட்வித்தை 2.0 அருகே வைத்திருங்கள். அதை மிகவும் குறைத்தால் வெட்டும் இடத்திலேயே ஒரு மேடு எழும்பி, அந்த இடம் இன்னும் குமுறும்.

இந்த வெட்டு ஏன் தேவை? மின்விசிறிக் காற்று, தெருவில் போகும் லாரியின் அதிர்வு, மைக் ஸ்டாண்டில் கால் படும் சத்தம் எல்லாம் இந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன. காதுக்குச் சரியாகத் தெரியாவிட்டாலும், பின்னால் வரும் கம்ப்ரெஸ்ஸர் (உரத்த இடங்களைத் தானாக அமுக்கும் கருவி) இவற்றுக்கும் சேர்த்தே வேலை செய்து, காரணமில்லாமல் குரலை அமுக்கும்.

‘ப’, ‘ம்ப’ வரும் இடங்களில் மைக்கில் காற்று மோதும் ‘பொப்’ சத்தம் 150 ஹெர்ட்ஸ் வரை பரவும். 80-இல் போட்ட வெட்டு அதற்குப் போதாது. அதற்காக மொத்தப் பாட்டிலும் ஹை பாஸை ஏற்றாதீர்கள். அந்த எழுத்தின் தொடக்கத்தில் துண்டை வெட்டி, 10 முதல் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு ஃபேட்-இன் (சத்தம் மெல்ல ஏறும்படி) கொடுங்கள்.

ரீங்காரத்தை ஈக்யூவில் துரத்தாதீர்கள்

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத இணைப்பில் வரும் ரீங்காரம் 50-இல் மட்டும் நிற்காது. 100, 150, 200, 250 என்று மடங்குகளிலும் வரும். ஒவ்வொரு மடங்கிலும் 0.1 ஆக்டேவில் ஒடுக்கமாக வெட்டினால் போயிற்று என்று தோன்றும். ஆனால் மேலே உள்ள எண்களோடு வைத்துப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் வெட்டு 1 கட்டைப் பாடகரின் மந்திர பஞ்சமத்தின் மேல் விழுகிறது. 150 வெட்டு 2 கட்டைக்காரரின் ஷட்ஜத்தையே கடிக்கிறது. 200 வெட்டு 5 கட்டைப் பெண் குரலின் ஷட்ஜத்தை எடுத்துவிடும். ஆதார சுருதியில் நிற்கும்போதெல்லாம் குரல் உள்ளே வாங்கும். காரணம் தெரியாமல் பாடகரைத்தான் குறை சொல்வோம்.

ரீங்காரத்தைப் பதிவின்போதே நிறுத்த வேண்டும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அதோடு நின்றுவிடும். மைக் கேபிளைப் பவர் கேபிளுக்கு இணையாகப் போடாதீர்கள். இன்டர்ஃபேஸையும் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகுங்கள்.

200 முதல் 500: மந்தம் குடியிருக்கும் இடம்

வீட்டுப் பதிவுகளில் வேலை அதிகம் இங்கேதான். இரண்டு காரணங்கள் ஒன்று சேர்கின்றன. முதலாவது, கார்டியாய்டு மைக்கை (முன்பக்கத்து ஒலியை அதிகம் வாங்கும் மைக்) வாய்க்கு நெருக்கமாக வைத்தால் தாழ்ந்த ஒலி தானாகவே கூடும். சுமார் 200 ஹெர்ட்ஸிலிருந்து கீழே போகப்போக இந்த ஏற்றம் அதிகமாகும். இரண்டாவது, அறை. 10 அடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 56, 113, 169 ஹெர்ட்ஸ் ஒலிகள் எழும்பி நிற்கும். சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை, சாமான் இல்லாத அறை என்றால் கேட்கவே வேண்டாம்.

எது காரணம் என்று பிரித்தறிவது எளிது. எல்லாச் சுரமும் ஒரே மாதிரி கனத்திருந்தால் மைக்கின் நெருக்கம்; 180 முதல் 200 ஹெர்ட்ஸில் ஒரு லோ ஷெல்ஃப் வைத்து 2 முதல் 4 டெசிபல் இறக்குங்கள். ஏதோ ஒரு சுரம் மட்டும் குமுறி, அடுத்த சுரம் சாதாரணமாக இருந்தால் அறை. அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணில் ‘பேண்ட்’ வைத்து, 0.3 ஆக்டேவ் அகலத்தில் 3, 4 டெசிபல் குறையுங்கள்.

மந்தத்தைத் தேடும் முறை: குறை நன்றாகத் தெரியும் ஒரு பத்து விநாடியைத் தேர்ந்தெடுத்து, ‘ஆர்’ விசையை அழுத்தி லூப்பில் ஓட விடுங்கள். ஒரு ‘பேண்ட்’ எடுத்து 1 ஆக்டேவ் அகலம், −6 டெசிபல் வையுங்கள். அதை 150-லிருந்து 600 வரை மெல்ல நகர்த்துங்கள். எந்த இடத்தில் குரல் திரை விலகியதுபோல் திறக்கிறதோ அங்கே நிறுத்தி, வெட்டை −2 அல்லது −3 வரை தளர்த்துங்கள். இதற்கு நேர்மாறாக, ஒடுக்கமான ஒரு மேட்டை 10 டெசிபல் ஏற்றித் தேடும் முறையைப் பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 10 டெசிபல் ஏற்றினால் எந்த அதிர்வெண்ணும் அசிங்கமாகத்தான் கேட்கும். குறை இல்லாத இடங்களிலும் குழி தோண்டி, கடைசியில் டெலிபோனில் பேசுவது போன்ற குரல்தான் மிஞ்சும்.

நடுப்பகுதி: சொல் தெளிவு இங்கே இருக்கிறது

400 முதல் 700 ஹெர்ட்ஸ் மிகுந்தால் குரல் பெட்டிக்குள் இருப்பது போலிருக்கும். 800 முதல் 1,200 வரை மிகுந்தால் மூக்கொலி. இரண்டுக்கும் 1 ஆக்டேவ் அகலத்தில் 1.5 முதல் 3 டெசிபல் வெட்டு போதும்.

அதற்கு மேலே 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை கை வைக்கும்போது தமிழ்ப் பாட்டில் தனிக் கவனம் வேண்டும். ‘ல’, ‘ள’, ‘ழ’ மூன்றையும் காது பிரித்தறியும் குறிப்புகளில் பெரும்பங்கு இந்தப் பகுதியில் இருக்கிறது. நாக்கு மேலே வளையும்போது வாயின் மூன்றாவது அதிர்வு முகடு கீழே இறங்குகிறது. ‘ழ’வில் அது நன்றாகவே இறங்கும். 2 கிலோஹெர்ட்ஸை அகலமாக 5 டெசிபல் வெட்டினால், ஒழுங்காகப் பாடிய ‘ழ’ கூட ‘ள’ போலக் கேட்கக்கூடும். குரல் குத்துகிறது என்று தோன்றினால் முதலில் 3 முதல் 4.5 கிலோஹெர்ட்ஸுக்குள் தேடுங்கள். வெட்டும்போது அரை ஆக்டேவுக்கு மேல் அகலம் வேண்டாம். பிறகு ‘வாழ்வு’, ‘தமிழ்’, ‘வெள்ளம்’ போன்ற சொற்கள் வரும் வரியைப் போட்டுக் கேளுங்கள்.

மேல் ஸ்தாயியில் மட்டும் குத்துகிறது என்றால், அந்த இடத்துக்கு மட்டும் ஆட்டோமேஷனில் (அமைப்பை நேரத்துக்கேற்ப மாற்றும் வசதி) வெட்டைப் போடுங்கள். பாட்டு முழுக்க வெட்டினால் பல்லவி உயிரிழந்துவிடும்.

குரல் வாத்தியங்களுக்குள் மூழ்கினால், குரலை ஏற்றுமுன் கீபோர்டு பேட், ஸ்டிரிங்ஸ் டிராக்குகளில் 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸை 2 டெசிபல் குறைத்துப் பாருங்கள். குரலுக்கு இடம் கிடைத்துவிடும். இதற்காகத்தான் ஈக்யூ வேலையை ‘சோலோ’வில் (குரல் டிராக்கை மட்டும் தனியே கேட்டு) முடிக்கக் கூடாது என்கிறோம். குறையைக் கண்டுபிடிக்க சோலோ பயன்படும். எவ்வளவு வெட்டுவது என்பதை மற்ற டிராக்குகளோடு சேர்த்துக் கேட்டே முடிவு செய்யுங்கள். தனியே கேட்டால் கொஞ்சம் மெலிந்த குரல், மிருதங்கமும் பாஸ் கிட்டாரும் சேரும்போது சரியாக உட்காரும்.

மேல்பகுதியும் ‘ச’காரமும்

10 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஹை ஷெல்ஃப் வைத்து 1.5 முதல் 3 டெசிபல் ஏற்றினால் குரலில் காற்றோட்டம் வரும். மைக்கில் அந்த ஒலி பதிவாகியிருந்தால்தான் இது பலிக்கும். எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கின் எல்லை 15 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேலே ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். விலை குறைந்த கண்டென்சர் மைக்குகள் பலவற்றில் இதற்கு நேர்மாறு: மேல்பகுதி ஏற்கெனவே தூக்கலாக இருக்கும், ஏற்றவே வேண்டியிராது.

‘ச’, ‘ஸ்’, ‘ஷ’ ஒலிகளின் கூர்மை 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ஆண் குரலில் சற்றுக் கீழே, பெண் குரலில் சற்று மேலே. இதை ஈக்யூவால் வெட்டுவது தவறு. ‘ச’ வராத நேரத்திலும் அந்த வெட்டு இருந்துகொண்டே இருக்கும். குரல் மங்கி, பாடகருக்கு நாக்கு தடிப்பது போலத் தோன்றும். டீ-எஸ்ஸர் ‘ச’ வரும்போது மட்டும் அமுக்கும். ரீப்பரில் ரியாஎக்ஸ்காம்ப் என்ற, பகுதி பகுதியாக அமுக்கும் கம்ப்ரெஸ்ஸரில் 5,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் பேண்டை மட்டும் வைத்து, ரேஷியோ 4, அட்டாக் 1 மில்லிசெகண்ட், ரிலீஸ் 50 மில்லிசெகண்ட் என்று அமைத்து, ‘ச’ வரும்போது 3 முதல் 5 டெசிபல் குறையும்படி த்ரெஷோல்டை (அமுக்கத் தொடங்கும் அளவை) இறக்குங்கள். பாட்டில் நாலைந்து இடத்தில்தான் குத்துகிறது என்றால் அந்த எழுத்துகளின் வால்யூமைக் கையால் குறைப்பதே நல்லது.

எந்த வரிசையில்

வெட்டும் ஈக்யூ முதலில், அடுத்து கம்ப்ரெஸ்ஸர், அதன்பின் ஏற்றும் ஈக்யூ, கடைசியில் டீ-எஸ்ஸர். அதாவது ரியாஈக்யூவை இரண்டு முறை போடுகிறோம். குமுறலை முதலில் எடுத்தால் கம்ப்ரெஸ்ஸர் குரலுக்கு மட்டும் வேலை செய்யும். மேல்பகுதியை ஏற்றும்போது ‘ச’வும் ஏறுவதால் டீ-எஸ்ஸர் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும்.

ஒரு உதாரணம். 2 கட்டையில் பாடும் ஆண் குரல், பக்திப் பாட்டு, 10-க்கு 12 அடி அறை, ஒரு சாண் தூரத்தில் கண்டென்சர் மைக். முதல் ஈக்யூவில் ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸ். லோ ஷெல்ஃப் 190 ஹெர்ட்ஸ், −2 டெசிபல். பேண்ட் 320 ஹெர்ட்ஸ், −3 டெசிபல், 1 ஆக்டேவ். பேண்ட் 950 ஹெர்ட்ஸ், −1.5 டெசிபல், 1 ஆக்டேவ். கம்ப்ரெஸ்ஸருக்குப் பின் வரும் ஈக்யூவில் ஹை ஷெல்ஃப் 10 கிலோஹெர்ட்ஸ், +1.5 டெசிபல், அவ்வளவுதான். இதை அப்படியே பிரதி எடுக்காதீர்கள். அளவுகள் எவ்வளவு சிறியவை என்பதைக் கவனியுங்கள். ஒரே இடத்தில் 6 டெசிபலுக்கு மேல் தேவைப்பட்டால் மைக் வைத்த இடத்தில் தவறு இருக்கிறது என்று பொருள்.

ஈக்யூவுக்குக் கட்டுப்படாதவை

அறை எதிரொலி கட்டுப்படாது. அது நேரத்தில் பரவிய குறை. ஈக்யூ அதிர்வெண்ணில் மட்டுமே வேலை செய்யும். மெத்தை, கனத்த போர்வை, துணி நிறைந்த அலமாரி இவற்றின் பக்கம் முதுகைத் திருப்பி நின்று திரும்பப் பாடுவதுதான் வழி. கார்டியாய்டு மைக் பாடுகிறவரின் பின்னால் உள்ள சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலியைத்தான் நேராகக் கேட்கிறது.

பாட்டுத் தாளையோ லேப்டாப்பையோ மைக்குக்கு அடியில் வைத்துப் பதிவு செய்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒலி சற்றுத் தாமதமாக வந்து நேர் ஒலியோடு கலக்கும். திரும்பிய ஒலி 34 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணித்தால் தாமதம் 1 மில்லிசெகண்ட். 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். குரல் குழாய்க்குள் பேசுவது போலிருக்கும். பாடகர் அசைந்தால் பள்ளங்களும் இடம் மாறும் என்பதால் எந்தப் புள்ளியாலும் நிரப்ப முடியாது. தாளை மைக்குக்குப் பின்னால் சரித்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பிய பாட்டையும் காப்பாற்ற முடியாது. மேல்பகுதி சுருக்கத்திலேயே போய்விட்டிருக்கும். வேவ் கோப்பை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை காதுக்கு ஓய்வு கொடுங்கள். அதே வகைப் பாட்டு ஒன்றை வேறொரு டிராக்கில் போட்டு, 6 முதல் 10 டெசிபல் குறைத்து, உங்கள் மிக்ஸோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். வெளியான பாட்டுகள் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) முடிந்து உரக்க இருப்பதால் குறைக்காமல் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். பிறகு மொபைல் ஸ்பீக்கர், சாதாரண இயர்ஃபோன், கார் மூன்றிலும் கேட்டுப் பாருங்கள். மொபைலில் சொற்கள் புரியவில்லை என்றால் நடுப்பகுதியில் அதிகம் வெட்டியிருக்கிறீர்கள். காரில் குமுறினால் 100 முதல் 250-க்குள் இன்னும் வேலை பாக்கி. மூன்றிலும் கிடைத்த குறைகளை அதே தாளில் எழுதிக்கொண்டு, மறுநாள் காலையில் ரீப்பரைத் திறங்கள்.